பாதி கையெழுத்து ஃபெயில்! வாலட்டுக்கு எந்த லைப்ரரி?

வணக்கம் மக்களே. போன வீடியோவில் சொன்ன மாற்றம் முடிந்தது. என் பிட்காயின் வாலட்டிலிருந்த பொதுவான கிரிப்டோ லைப்ரரியைத் தூக்கிவிட்டு, பிட்காயின் கையெழுத்துக்கென்றே எழுதப்பட்ட லிப்செக்பி256கே1-க்கு வந்துவிட்டேன். செம சந்தோஷம்!

"டவுன்லோடு எதுக்கு அதிகமோ அதைப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிட்காயினில் ஒரு கையெழுத்து செல்லுமா என்று கேட்டால் எல்லா நோடும் (நெட்வொர்க்கில் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் கணினிகள்) ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். 2015 ஜனவரியில், அப்போது நோடுகள் சரிபார்ப்புக்குப் பயன்படுத்திய ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொதுவான லைப்ரரி, ஒரு அப்டேட்டில் கையெழுத்தின் டிஇஆர் வடிவத்தைக் (கையெழுத்தை பைட்டுகளாக எழுதும் முறை) கறாராகப் பார்க்க ஆரம்பித்தது. அவர்கள் பக்கம் நியாயம்தான். ஆனால் அப்டேட் போட்ட நோடு மறுத்து, போடாத நோடு ஏற்றால் பிளாக்செயினே இரண்டாகிவிடுமே! அதனால்தான் அதே ஆண்டில் கறாரான டிஇஆர் வடிவத்தை எல்லோருக்கும் பொது விதியாக்கிய பிஐபி 66 வந்தது. 2016-ல் நோடுகளில் ஓடும் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோர், அதன் 0.12 பதிப்பில், சரிபார்ப்பையும் லிப்செக்பிக்கு மாற்றியது. எக்ஸ்86-64 கணினிகளில் அது ஐந்து மடங்குக்கு மேல் வேகம்.

சரி, நேற்று ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். பழைய லைப்ரரி போட்ட கையெழுத்துகளை டெஸ்ட்டில் ஓட்டினால் ஏறக்குறைய பாதி ஃபெயில். எரர் மெசேஜ் கிடையாது, வெறும் 0. அவற்றின் ஹெக்ஸை (0 முதல் எஃப் வரை 16 இலக்கங்களில் எழுதும் எண்) வரிசையாக வைத்துப் பார்த்தேன். பாஸானவற்றில், கையெழுத்திலுள்ள இரண்டு எண்களில் ஒன்றான எஸ் மதிப்பின் முதல் இலக்கம் 7-ஐத் தாண்டவில்லை. ஃபெயிலானவை எல்லாம் 8, 9, ஏ, எஃப் என்று தொடங்கின. பிடிபட்டுவிட்டது! இந்தக் கையெழுத்து முறையான ஈசிடிஎஸ்ஏ-வில் ஒரு எஸ் செல்லுமென்றால், அதன் வளைவுக்கான என் என்ற நிலையான எண்ணிலிருந்து அதைக் கழித்து வரும் எண்ணும் செல்லும். செக்விட் (கையெழுத்தை ஐடி கணக்கில் சேர்க்காத வடிவம்) இல்லாத பரிவர்த்தனையில் நடுவில் ஒருவர் எஸ்ஸை அப்படி மாற்றினால் ஐடியே மாறிப்போகும். அதனால் இந்த லைப்ரரி சின்ன எஸ்ஸை மட்டுமே ஏற்கும். பெரிய எஸ்ஸைச் சின்னதாக்கும் நார்மலைஸ் ஃபங்ஷனை ஒரு வரியில் கூப்பிட்டேன், டெஸ்ட் மொத்தமும் பச்சை! இந்தக் கறார்தான் எனக்குப் பிடித்ததே.

அய்யோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தேவைப்படும் நான்ஸ் என்ற ரகசிய எண்ணை இந்த லைப்ரரி ஆர்எஃப்சி 6979 என்ற தர முறையில் தானே கணக்கிட்டுக்கொள்ளும். ரகசிய சாவிக்கான ரேண்டம் எண்ணை நாம்தான் தர வேண்டும். 2023-ல் லிப்பிட்காயின் என்ற வேறொரு லைப்ரரியின் பிஎக்ஸ் கருவி வெறும் 32 பிட் ரேண்டத்தில் சீட் (சாவிகளுக்கு மூலமான எண்) உருவாக்கியது தெரிய வந்தது. அதற்குள் பலருடைய பணம் போயேவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் தரும் ரேண்டத்தையே எடுங்கள், சொந்தமாக எதுவும் எழுதாதீர்கள்.

அடுத்த வீடியோவில் பிட்காயினின் இன்னொரு கையெழுத்து முறையான ஷ்னார். அதுவும் இதே லைப்ரரியில்தான்.