ரிங்குல தோக்கடிக்க முடியல, கோர்ட்டுக்கு இழுத்தாங்க: ஜாக் ஜான்சன்

வணக்கம் மக்களே. முகமது அலியைப் பத்திப் பேசுங்க பேசுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கீங்க. பேசுவேன். ஆனா அலி நம்ம ஊருக்கே வந்துட்டுப் போனவரு. 1980ல மெட்ராஸ்ல அவர் ரிங் ஏறினதைப் பார்த்த பெரியவங்க இன்னும் நம்ம வீடுகள்ல இருக்காங்க. அவங்களைப் புடிச்சு உக்கார வெச்சா என்னைவிட நல்லாவே சொல்லுவாங்க. இன்னைக்கு நான் எடுத்திருக்கிறது அலிக்கு அரை நூற்றாண்டு முன்னாடி அந்தப் பட்டத்தை ஜெயிச்ச ஆளு. ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன முதல் கறுப்பர்.

இவரை 'இனவெறியை எதிர்த்துப் போராடிய வீரன்'னு சொல்றவங்க நிறைய. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துது. இந்த மனுஷன் மேடை ஏறல, ஊர்வலம் போகல, கொடி புடிக்கல. 'கறுப்பன்னா இப்படித்தான் இருக்கணும்'னு ஒரு நாடே எழுதி வெச்சிருந்த விதிகள் எதுவும் தன் காதுல விழவே இல்லைங்கிற மாதிரி வாழ்ந்தாரு. அதுக்கு அவரும் விலை கொடுத்தாரு, அவருக்குப் பின்னாடி வந்தவங்களும் கொடுத்தாங்க. அந்த ரெண்டாவது விலையைப் பத்திதான் யாரும் அதிகமா பேசறதில்ல.

1878ல டெக்சாஸ் மாநிலத்துல கால்வெஸ்டன்ங்கிற துறைமுக ஊர்ல பொறந்தாரு. அப்பா, அம்மா ரெண்டு பேருமே அடிமையா இருந்து விடுதலையானவங்க. பள்ளிக்கூடத்துல பெருக்கித் துடைக்கிற வேலை அப்பாவுக்கு. ஏழைப்பட்ட துறைமுகத் தெரு, வெள்ளைக்காரப் பசங்களும் இவரும் ஒண்ணா சுத்தினவங்க, அவங்க வீட்ல சாப்பிட்டவங்க. 'அவங்க என்னைவிட உசத்தின்னு எனக்கு யாரும் சொல்லித் தரல'ங்கிற அர்த்தத்துல பின்னாடி அவரே பேசியிருக்காரு.

1900ல அந்த ஊரையே ஒரு புயல் வாரிச் சுருட்டிட்டுப் போச்சு. செத்தவங்க ஆயிரக்கணக்குல. ஜான்சன் குடும்பத்து வீடும் போச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரியில, அதே ஊர்ல, ஜோ சாயின்ஸ்கின்னு அனுபவப்பட்ட ஒரு யூத பாக்ஸரோட மோதறாரு. மூணாவது ரவுண்டுலயே நாக் அவுட். நம்ம ஆளு மட்டை. அந்த நேரத்துல டெக்சாஸ்ல காசுக்குக் குத்துச்சண்டை போடறது சட்டவிரோதம். போலீஸ் உள்ள வந்து ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போய் ஜெயில்ல போட்டுடுச்சு. ஏறக்குறைய மூணு வாரத்துக்கு மேல உள்ள இருந்தாங்க. உள்ள சும்மா இருப்பாங்களா? கைதிகளும் காவலர்களும் சுத்தி நின்னு பார்க்க, தினம் பயிற்சிச் சண்டை. இவ்ளோ லாவகமா நகர்ற நீ அடி வாங்கவே கூடாதுடான்னு சொல்லி, சாயின்ஸ்கி அவருக்குத் தடுப்பாட்டம் கத்துக் கொடுத்தாரு. தோக்கடிச்சவரே குருவாயிட்டாரு. ஜான்சனோட ஆட்டம் மொத்தமும் தடுப்புதான்: எதிராளியோட குத்தை விரிச்ச கிளவுஸால காத்துலயே புடிச்சு நிறுத்துறது, பின்வாங்கி இழுக்கறது, அவன் களைச்ச பிறகு அடிக்கிறது. அதோட விதை அந்த ஜெயில்ல விழுந்ததுதான்.

இப்போ நிறக்கோடு விஷயம், அதாவது கறுப்பர்களைப் பட்டத்துக்கு மோத விடாம போட்டு வெச்சிருந்த வேலி. கறுப்பர்களுக்குப் பட்டமே கிடையாதுன்னு நினைக்காதீங்க. சின்ன எடைப் பிரிவுகள்ல கொடுத்தாங்க. ஜார்ஜ் டிக்சன் 1890கள்லயே சாம்பியன். ஜோ கான்ஸ் 1902ல லைட்வெயிட் சாம்பியன். ஹெவிவெயிட் கதவு மட்டும் பூட்டு. ஏன்னா அந்தப் பட்டத்துக்கு 'உலகத்துலயே பலசாலியான ஆம்பள'ன்னு ஒரு அர்த்தம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரயில்ல தனிப் பெட்டி, பள்ளிக்கூடத்துல தனி வகுப்புன்னு 1896ல உச்ச நீதிமன்றமே முத்திரை குத்தின நாடு. அங்க உலகத்துலயே பலசாலி ஒரு கறுப்பர்னு ஆயிட்டா அந்தக் கட்டடமே ஆடும்ல? அதனால 1880கள்ல ஜான் எல். சல்லிவன், கறுப்பரோட மோதமாட்டேன்னு வெளிப்படையா அறிவிச்சாரு. அவருக்கு அப்புறம் ஜிம் ஜெஃப்ரீஸும் அதே பாட்டு. 'கறுப்பர்களுக்கான உலக ஹெவிவெயிட் பட்டம்'னு தனியா ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. 1903ல அதை ஜான்சன் ஜெயிச்சாரு. ஜெஃப்ரீஸ் அதைக் கண்டுக்கவே இல்ல. 1905ல தோக்காமலே ஓய்வு வாங்கிக்கிட்டு பண்ணை வேலைக்குப் போயிட்டாரு.

1906ல பட்டம் டாமி பர்ன்ஸ் கைக்கு வந்துச்சு. கனடாக்காரரு, அஞ்சடி ஏழு அங்குலம்தான். ஜான்சன் ஆறடிக்கு மேல. பர்ன்ஸ் லண்டன் போனா இவரும் லண்டன், பர்ன்ஸ் ஆஸ்திரேலியா போனா இவரும் ஆஸ்திரேலியா, போற இடமெல்லாம் பத்திரிகைக்காரங்ககிட்ட பேட்டி. கடைசியில ஹியூ மெக்கின்டாஷ்னு ஒரு ஏற்பாட்டாளர் காசைக் காட்டினதும் பர்ன்ஸ் மனசு இளகிடுச்சு. பர்ன்ஸுக்கு 6,000 பவுண்டு. ஜான்சனுக்கு 1,000. ரெஃபரி யாருன்னு கேளுங்க. அதே மெக்கின்டாஷ்! எல்லாத்துக்கும் சரின்னாரு ஜான்சன்.

1908 டிசம்பர் 26, சிட்னி, ரஷ்கட்டர்ஸ் பே. சுமார் 20,000 பேர் கூட்டம். ஜான்சன் சண்டை போட்டாருன்னு சொல்றதைவிட விளையாடினாருன்னு சொல்லலாம். அடிச்சுக்கிட்டே பர்ன்ஸ்கிட்ட பேசறாரு, கூட்டத்தைப் பார்த்து தங்கப் பல் தெரிய சிரிக்கிறாரு, பர்ன்ஸ் சரியப் போனா தாங்கிப் புடிச்சு நிறுத்தி இன்னும் நாலு குத்து விடறாரு. பதினாலாவது ரவுண்டுல போலீஸ் உள்ள புகுந்து நிறுத்தினாங்க. அந்த நேரத்துல கேமராவையும் நிறுத்திட்டாங்க. ஒரு வெள்ளைக்கார சாம்பியனைக் கறுப்பர் சாய்க்கிற அந்தக் கடைசி நிமிஷம் படத்துல கிடையாது.

ரிங் ஓரத்துல உக்காந்து நியூயார்க் பேப்பருக்கு எழுதிக்கிட்டு இருந்தவரு ஜாக் லண்டன். அவ்ளோ பெரிய எழுத்தாளர். அவர் எழுதினதோட சாரம், ஜெஃப்ரீஸ் பண்ணையை விட்டு வந்து ஜான்சன் முகத்துல இருக்கிற அந்தத் தங்கச் சிரிப்பை அழிக்கணும்ங்கிறதுதான். தொழிலாளிகளுக்காக எழுதின மனுஷன் இதையும் எழுதியிருக்காருன்னு படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஜான்சனைத் தோக்கடிக்க ஒரு வெள்ளைக்காரரை, 'வெள்ளையரின் நம்பிக்கை'ன்னு பேர் வெச்சு, ஊர் ஊரா தேட ஆரம்பிச்சாங்க. 1909ல மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெச்சலைக் கூட இழுத்துட்டு வந்தாங்க. பன்னிரண்டாவது ரவுண்டுல அவர் ஜான்சனைக் கீழ தள்ளிட்டாரு. ஜான்சன் எழுந்து அடிச்ச அடியில கெச்சல் அப்படியே படுத்துட்டாரு.

கடைசியில ஜெஃப்ரீஸே வந்தாரு. 35 வயசு, சண்டை போட்டு ஆறு வருஷம் ஆகப்போகுது, உடம்புல இருந்து 45 கிலோ குறைக்க வேண்டியிருந்துச்சு. கறுப்பனைவிட வெள்ளைக்காரன் மேல்னு நிரூபிக்கத்தான் வர்றேன்னு வெளிப்படையாவே சொல்லிட்டு வந்தாரு. பரிசுத் தொகை 1,01,000 டாலர், அந்தக் காலத்துல கேள்விப்படாத காசு. முதல்ல கலிஃபோர்னியாவுல நடக்கிறதா இருந்துச்சு, ஆளுநர் தடுத்ததால நெவாடாவுல ரீனோவுக்கு மாத்தினாங்க. 1910 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம், கொளுத்துற வெயில், இதுக்குன்னே கட்டின மர அரங்கம். ஜெஃப்ரீஸ் பக்கத்து மூலையில நின்னு முன்னாள் சாம்பியன் ஜிம் கார்பெட் இனத்தைச் சொல்லித் திட்டிக்கிட்டே இருக்காரு. ஜான்சன் அவருக்கும் பதில் சொல்லிக்கிட்டே குத்தறாரு. 45 ரவுண்டு போட்டி பதினஞ்சாவது ரவுண்டுல முடிஞ்சுது. வாழ்க்கையில ஒரு தடவைகூட கீழ விழாத ஜெஃப்ரீஸ் அந்த ஒரே ரவுண்டுல மூணு தடவை விழுந்தாரு. 'நாக் அவுட்'னு எழுதிடக் கூடாதுன்னு அவங்க ஆட்களே உள்ள ஓடி வந்து நிறுத்திட்டாங்க.

ராத்திரிக்குள்ள அமெரிக்கா முழுக்க கலவரம். தந்தியில முடிவு வந்ததும் சந்தோஷப்பட்ட கறுப்பர்களைத் தேடித் தேடி அடிச்சாங்க. செத்தவங்க சுமார் 20 பேர்னு கணக்கு சொல்றாங்க, பெரும்பாலும் கறுப்பர்கள். நியூ ஆர்லியன்ஸ்ல பேப்பர் எடுக்கப் போன ஒரு சின்னப் பையனை, ஜாக் ஜான்சன் ஜெயிச்சுட்டாரு, வீட்டுக்கு ஓடுன்னு விரட்டியிருக்காங்க. அந்தப் பையன் லூயி ஆம்ஸ்ட்ராங். டிரம்பெட் வாசிப்புல உலகத்தையே கட்டிப் போட்டாரே, அவரேதான். சண்டைப் படத்தைப் பல நகரங்கள்ல தடை பண்ணாங்க. 1912ல குத்துச்சண்டைப் படச்சுருளை ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாதுன்னு நாடாளுமன்றத்துல சட்டம் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரே ஒரு ஆளு ஜெயிக்கிறதை ஜனங்க பார்த்துடக் கூடாதுன்னு ஒரு சட்டம்.

ஜான்சன் அடங்கினாரா? வேகமான கார், விலை உசந்த கோட்டு, அம்மாவுக்கு சிகாகோவுல வீடு, 1912ல அதே ஊர்ல கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உக்கார்ற பெரிய கிளப். அதைவிட அவங்களுக்குப் பொறுக்காதது, அவர் கல்யாணம் பண்ணது வெள்ளைக்காரப் பெண்களை. இந்த இடத்துல நான் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் வெள்ளைக்கார மனைவி எட்டாவை மருத்துவமனையில சேர்க்கிற அளவுக்கு அடிச்சிருக்காரு. எட்டா 1912 செப்டம்பர்ல அந்த கிளப்புக்கு மேல இருந்த வீட்லயே தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. இதைச் சொல்லாம அவரைப் பத்தி வீடியோ போடறது நியாயம் இல்ல.

ஆனா அரசாங்கம் அவரைப் புடிச்சது அந்தக் குத்தத்துக்கு இல்ல. 1910ல மேன் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. பெண்களை விபசாரத்துக்காக மாநிலம் விட்டு மாநிலம் கடத்துறதைத் தடுக்கிற சட்டம். அதுல 'வேற எந்த ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகவும்'னு ஒரு வரி. அந்த வரிதான் தூண்டில். முதல்ல லூசில் கேமரன்னு ஒரு பொண்ணை வெச்சு வழக்கு. அவங்க சாட்சி சொல்ல மாட்டேன்னுட்டாங்க, அந்த டிசம்பர்லயே ஜான்சனைக் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. கொதிச்சுப் போன ஜார்ஜியா எம்.பி. ஒருத்தர் கலப்புக் கல்யாணத்தையே தடை பண்ண அரசியல் சாசனத் திருத்தம் கொண்டு வந்தாரு. அது நிறைவேறல. அதுக்கப்புறம் பெல் ஷ்ரைபர்னு ஒரு பழைய தோழியைத் தேடிப் புடிச்சு, பிட்ஸ்பர்க்ல இருந்து சிகாகோ வர அவங்களுக்கு ரயில் செலவுக்கு ஜான்சன் பணம் அனுப்பினதை வெச்சு வழக்கை ஜோடிச்சாங்க. ஜூரி மொத்தமும் வெள்ளைக்காரங்க. 1913ல தண்டனை: ஒரு வருஷமும் ஒரு நாளும் ஜெயில். இவர் தன் இனத்துல பேர் பெற்ற ஆளு, அதையும் கணக்குல எடுத்துக்கணும்னு நீதிபதியே சொல்லிட்டாரு. ஜான்சன் கனடா வழியா ஐரோப்பாவுக்குத் தப்பிச்சுட்டாரு.

1915 ஏப்ரல் 5, ஹவானா. 37 வயசு, உடம்பு கனத்துப் போச்சு. ஜெஸ் வில்லர்ட்னு ஆறரை அடி ஆளு இருபத்தாறாவது ரவுண்டுல அவரைச் சாய்ச்சாரு. வெயிலுக்குக் கண்ணை மறைச்சுக்கிட்டு படுத்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கும். காசு வாங்கிட்டு விழுந்தேன்னு ஜான்சன் பின்னாடி சொன்னாரு. நான் நம்பல. காசு வாங்கினவன் அந்த வெயில்ல இருபத்தாறு ரவுண்டு ஏன் நிக்கணும்? 1920ல அவரே திரும்பி வந்து சரணடைஞ்சு, தண்டனையை அனுபவிச்சுட்டு வெளிய வந்தாரு.

இப்போ நான் ஆரம்பத்துல சொன்ன அந்த ரெண்டாவது விலை. சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனட், சாம் மெக்வே. மூணு பேருமே கறுப்பர்கள், மூணு பேருமே அசுர பலம். லாங்ஃபோர்டை ஜான்சன் 1906ல ஒரு தடவை ஜெயிச்சிருக்காரு. பட்டம் கைக்கு வந்த பிறகு அந்த மூணு பேர்ல ஒருத்தருக்குக்கூட வாய்ப்பு தரல. கறுப்பரும் கறுப்பரும் மோதினா வசூல் வராதுன்னு காரணம். தனக்கு சல்லிவனும் ஜெஃப்ரீஸும் சாத்தின கதவை, உள்ள போனதும் இவரே சாத்தினாரு. 1913 டிசம்பர்ல பாரிஸ்ல பேட்டிலிங் ஜிம் ஜான்சன்னு ஒரு கறுப்பரோட மோதினாரு. ரெண்டு கறுப்பர்கள் அந்தப் பட்டத்துக்கு மோதின முதல் சண்டை அது. டிரால முடிஞ்சுது. லாங்ஃபோர்டுக்கு அதுவும் கிடைக்கல.

ஹவானாவுக்கு அப்புறம் பூட்டு மறுபடி விழுந்துச்சு. ஹாரி வில்ஸ்னு ஒரு கறுப்பு பாக்ஸர் வருஷக்கணக்கா காத்திருந்தும், அப்போ சாம்பியனா இருந்த ஜாக் டெம்ப்சியோட மோத விடல. 22 வருஷம் கழிச்சு, 1937 ஜூன் 22ல, சிகாகோவுல ஜோ லூயிஸ், அப்போதைய சாம்பியன் பிராடாக்கை சாய்ச்சப்போதான் ரெண்டாவது கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன். அந்த லூயிஸுக்கு மேனேஜர்கள் போட்ட விதிகளைக் கேளுங்க. வெள்ளைக்காரப் பெண்ணோட போட்டோ எடுத்துக்காதே. விழுந்தவனைப் பார்த்து சிரிக்காதே. அடக்கமா இரு. 'ஜான்சன் மாதிரி இருக்காதே'ங்கிறதைத்தான் பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்காங்க. ஜான்சனுக்கு லூயிஸைப் புடிக்கவே இல்ல. லூயிஸ் இடது கையால அடிச்சுட்டு அந்தக் கையைத் தாழ்த்தறான், அவனோட மோதப்போற ஜெர்மன் பாக்ஸர் ஷ்மெலிங்தான் ஜெயிப்பான்னு 1936ல சொன்னாரு. சொன்ன மாதிரியே நடந்துச்சு. அந்தத் தடுப்பாட்டக் கண்ணு கடைசி வரைக்கும் மங்கல, பொறாமையும் மங்கல.

1946ல வட கரோலினாவுல கார் விபத்துல இறந்தாரு, 68 வயசு. கறுப்பர்னு பாகுபாடு காட்டின ஒரு சாப்பாட்டுக் கடையில இருந்து கோவமா வண்டியை எடுத்துட்டுப் போனப்போ நடந்ததுன்னு சொல்லுவாங்க. 2018 மே மாசம் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினாரு. தீர்ப்பு வந்து 105 வருஷம்.

ரீனோ சண்டைப் படம் இன்னைக்கு நெட்ல ஃப்ரீயா கிடைக்குது. நேரம் இருந்தா பாருங்க. நேரா பதினஞ்சாவது ரவுண்டுக்குப் போகாதீங்க. முதல் நாலஞ்சு ரவுண்டு ஜான்சனோட கை விரிச்சு இருக்கிறதை மட்டும் கவனிங்க. ஜெஃப்ரீஸ் அடிக்க ஆரம்பிக்கும்போதே புஜத்துல கை வெச்சு அமுக்கிடுவாரு, பஞ்ச் பொறக்கவே விட மாட்டாரு. சாயின்ஸ்கி சொல்லிக் கொடுத்த பாடம். லாங்ஃபோர்டைப் பத்தித் தனியா ஒரு வீடியோ போடறேன், அதுக்கு இன்னும் நான் நிறைய படிக்கணும். வரட்டா.