பாடப் பாட ராகம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல பணிகளுக்கிடையே வருகை தந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் விருந்தினர் பெருமக்களே, இன்றைய இசைக்குழுவை வழிநடத்தவிருக்கும் நடத்துநர் அவர்களே, ஒத்திகை முடித்த கையோடு திரைக்குப் பின்னால் காத்திருக்கும் கலைஞர்களே, இசை அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரையில் என்மீது பொழிந்த அன்புக்கு நெஞ்சார்ந்த நன்றி.

இன்று நாம் கேட்கவிருப்பது ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் 1943இல் இயற்றிய ‘இசைக்குழுவுக்கான கான்செர்டோ’, அதாவது குழுவின் கருவிகள் மாறி மாறித் தனித்து மிளிரும் ஒரு பெரிய இசைப்படைப்பு. அதன் ஐந்து பகுதிகளின் அமைப்பு, அதன் தாளம், அதற்குள் ஓடும் நாட்டுப்புறப் பாட்டு என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். ஆனால் கடைசியானதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன், ‘பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்’ என்ற பழமொழி என்னை அங்கேதான் இழுக்கிறது.

1904ஆம் ஆண்டுக் கோடை. பார்டோக்குக்கு 23 வயது. அவர் தங்கியிருந்த இடத்தில், அடுத்த அறையில், லிடி டோசா என்ற இளம்பெண் தான் பார்த்துக்கொண்ட குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தார். டிரான்சில்வேனியக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். சிவந்த ஆப்பிள் ஒன்று சேற்றில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் பாட்டு. பார்டோக் அவரைத் திரும்பப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். மேலும் கேட்டார், ஊரில் பாட்டிமார் பாடிய பழைய பாட்டுகளாகவே கேட்டார். எண்ணிப் பாருங்கள், அன்று அந்தக் கதவு சாத்தியிருந்தால்! 1906 முதல் நண்பரும் இசையமைப்பாளருமான கோடாயும் பார்டோக்கும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து ஊர் ஊராகப் போய், மெழுகு உருளைகளில் பாட்டுகளைப் பிடித்தார்கள். ஸ்லோவாக், ருமேனியப் பாட்டுகளையும் தேடிப் போன பார்டோக், 1913இல் அல்ஜீரியாவுக்கும் 1936இல் துருக்கிக்கும் சென்றார்.

நாடு விட்டு நியூயார்க் வந்தபின் பிறர் பதிவுசெய்த செர்போ-குரோவாசிய மொழிப் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்தப் பதிவுகள் பூட்டிக் கிடக்கவில்லை. அதனால் அவர் காதுக்கு எட்டின. இன்றைய கான்செர்டோவின் இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள்: சிறு முரசு தனியே தொடங்க, பசூன்கள் இரண்டு, ஓபோக்கள் இரண்டு, கிளாரினெட்டுகள் இரண்டு, புல்லாங்குழல்கள் இரண்டு எனக் காற்றுக் கருவிகள் இணை இணையாக வரும். பின்னர் ஒலியடைப்பு பொருத்திய இரு டிரம்பெட்டுகள் அடுத்தடுத்த சுரங்களில் உரசிக்கொண்டே போகும். என் காதுக்கு அது தோளோடு தோள் நின்று பாடும் இரு கிராமத்தார் குரல்.

ஆகவேதான் இந்த மேடையிலும் கேட்கிறேன். ஓர் ஆவணக் காப்பகத்தில் நாட்டுப்புறப் பதிவொன்றைக் கேட்க நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு மூன்றாண்டுகளாகப் பதிலில்லை. பாடிய அம்மையாரின் பெயர்கூடப் பட்டியலில் இல்லை. மூட மூட ரோகம் என்பது இதுதான். பொதுப்பணத்தில் எடுத்த பதிவுகள் எல்லாருக்கும் திறக்கப்பட வேண்டும், பாடியவர் பெயரோடு. இக்கோரிக்கை மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார். இடைவேளையில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.