கொட்டையைக் கக்கும் கெட்சால்

வணக்கம் நேயர்களே. கெட்சால் என்பது மத்திய அமெரிக்க மலைக்காட்டுப் பறவை. அதன் பேரைச் சொன்னதும் எல்லோரும் வாலைத்தான் பேசுவார்கள். பேசட்டும், அது பேச வேண்டிய வால்தான். உடம்பு புறாவைவிடக் கொஞ்சம் பெரிது. ஆண் பறவைக்குத் தொங்கும் பச்சை இறகுகளோ ஒரு மீட்டர் வரைகூட நீளும். குவாத்தமாலா நாட்டுப் பணத்துக்கே 1925 முதல் இதன் பெயர்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தீக்காக்கையும் இதே குடும்பம்.

ஆனால் எனக்கு வாலைவிட வாய்தான் முக்கியம். கோஸ்டாரிகாவில் மாண்டெவெர்டே என்ற மலைக்காடு. மேகம் மரங்களுக்குள்ளேயே புகுந்து போகும். மழை இல்லாத நேரத்திலும் இலைகள் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு காட்டு அவகேடோ மரத்தடியில் ஒரு காலை முழுக்க நின்றேன். கொடைக்கானலில் பட்டர் ஃப்ரூட் பார்த்திருப்பீர்களே, அதன் சொந்தக்கார மரம். நம் சமையலறைப் பட்டையும் அந்தக் குடும்பம்தான். பழம் மட்டும் நெல்லிக்காய் அளவு. தலைக்கு மேலேயே கெட்சால் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஈர இலையோடு இலையாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. 'டொப்' என்று காலடியில் ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால் வழவழவென்று ஒரு கொட்டை, சதை துளிகூட இல்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

பழத்தைப் பறந்தபடியே பறித்து முழுசாக விழுங்கும். வேறொரு கிளையில் போய் உட்காரும். சதை கரைந்ததும் கொட்டையைக் கக்கிவிடும். தாய்மரத்தைவிட்டுத் தள்ளி ஒரு கன்று முளைக்க அது போதும். மரம் பறவைக்குச் சோறு போடுகிறது, பறவை மரத்துக்கு விதை போடுகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கெட்சாலைக் காப்பது என்றால் அந்தப் பழமரங்களைக் காப்பது.

அதுவும் உச்சிக் காட்டில் மட்டும் அல்ல. ஆய்வாளர்கள் கெட்சால்கள்மேல் சின்ன ரேடியோ கருவி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். குஞ்சு பொரித்து முடிந்ததும், பழுக்கிற மரங்களைத் தேடிப் பறவைகள் மலைச்சரிவில் கீழே இறங்கிவிடுகின்றன. 1972ல் அமைந்த மாண்டெவெர்டே காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே, துண்டு துண்டான காடுகளுக்கு.

நேரம் நெருங்கிவிட்டது என்கிறார்கள். கூட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: உளுத்த மரத்தில் பொந்து, இரண்டு நீல முட்டைகள், ஆணும் முறைபோட்டு அடைகாக்கும். அப்போது அந்த நீள இறகுகள் பொந்துக்கு வெளியே தொங்கும். இப்போது பெரிய அலகுள்ள தாழ்நில டூக்கன் பறவைகளும் மேலே ஏறி வந்து அங்கே கூடு கட்டுகின்றன. அவற்றுக்கும் பொந்து வேண்டும். பிற பறவைகளின் முட்டை, குஞ்சுகளையும் அவை தின்னும். நன்றி, வணக்கம்.