அதிரசத்துக்கும் ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தைகளின் பெற்றோர்களோடு சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுதான் உணவியல் ஆலோசகரான என் அன்றாட வேலை. நோய் உறுதியான வாரத்திலேயே பல வீடுகளில் பலகார டப்பாக்கள் காலியாகிவிடும். இனி இந்த வீட்டில் இனிப்பே கிடையாது என்று அறிவிப்பும் வந்துவிடும். அந்த அறிவிப்பு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

இனிப்பு தின்றதால் இந்த நோய் வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே கணையத்தில், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. எனவே பாட்டி ஊட்டிய லட்டைக் குற்றம் சொல்ல இடமில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, இத்தகைய குழந்தைகளை அரைப் பட்டினியில் வைத்துச் சிறிது காலம் காப்பாற்றுவதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றோ, சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்துக்கு, அதாவது சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்டுக்கு ஏற்ப இன்சுலினைக் கணக்கிட்டுப் போடுகிறோம். பலகாரமும் அந்தக் கணக்குக்குள் அடங்கும்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில், தீபாவளிக்குப் பலகாரமே சுடக்கூடாது என்று அம்மா முடிவெடுத்தார். அக்காவுக்குத் தம்பி மேல் கோபம். தம்பியோ பக்கத்து வீட்டில் வாங்கி ஒளித்துத் தின்றான். ஒளித்துத் தின்றதற்கு ஊசி போட முடியாதல்லவா? இரவில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று எவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் வழி சொன்னவர் பாட்டிதான். அதிரசத்துக்கு ஊறப்போடும் அரிசியை எடைபோட்டுக்கொள்வோம், வெல்லத்தையும் எடைபோடுவோம், உருண்டைகளை ஒரே அளவாகப் பிடிப்போம், பிறகு வகுத்துப் பார்க்கலாம் என்றார். அரை கிலோ பச்சரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 390 கிராம், 400 கிராம் வெல்லத்தில் ஏறத்தாழ 340 கிராம், ஆக 730 கிராம். அதில் 40 அதிரசம் தட்டினால் ஒன்றுக்குச் சுமார் 18 கிராம். அந்த எண்ணை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டினார்கள். எத்தனை கிராமுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பதை உங்கள் குழந்தைக்கு உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கிராமைக் கண்டுபிடிப்பது நம் அடுப்படியிலேயே முடிகிற காரியம்.

வெல்லம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுவையும் மணமும் வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அவையும் சளைத்தவையல்ல. கருப்பட்டி மிட்டாய்தானே என்று கணக்கில் சேர்க்காமல் கொடுப்பது, எழுதி வைத்து மைசூர்பாகு கொடுப்பதைவிட ஆபத்தானது. காரப் பலகாரத்துக்கும் இதுவே பொருந்தும். முறுக்கும் தட்டையும் இனிக்காவிட்டாலும் அரிசி மாவுதானே? மறுபடியும் சொல்கிறேன், நாக்குக்கு இனிக்கிறதா என்று பார்க்காதீர்கள்; எத்தனை கிராம் மாவுச்சத்து என்று பாருங்கள்.

அடுத்தது நேரம். நாள் முழுவதும் கொறிப்பதைவிட, இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. அப்போது ஒரே ஊசியில் கணக்கு முடியும். விரைவாக வேலை செய்யும் இன்சுலினைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் போடச் சொல்வார்கள். நெய்யும் எண்ணெயும் மிகுந்த பலகாரம் சர்க்கரையைத் தாமதமாக ஏற்றும் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்துப் பாருங்கள். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே வேளையில் அதே பலகாரத்தைக் கொடுங்கள். ஒருவனுக்கு மட்டும் தனிச் சட்டம் என்றால் ஒளித்துத் தின்பது மீண்டும் தொடங்கிவிடும்.

பள்ளியில் பிறந்தநாள் மிட்டாய் தரும்போது என்ன செய்வது என்பதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாக ஒன்று: இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அப்போது இனிப்பே மருந்து. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ அதற்கு ஈடான குளுக்கோஸையோ உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் சாக்லேட் கொடுக்க வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். இதை வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுத்து, புத்தகப் பையிலும் ஒரு பொட்டலம் குளுக்கோஸ் வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.