ஹேவ்லாக் படகுக்கு இரண்டு பை: மடியில் எது, அடியில் எது?

[காட்சி: போர்ட் பிளேர் படகுத்துறை, காலை. பெட்டிகளோடு வரிசை.]

வணக்கம். அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் போகும் படகுக்கு என்னென்ன எடுத்து வைக்கலாம் என்று இன்று பார்ப்போம். ஹேவ்லாக்குக்கு 2018 முதல் சுவராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதறாதீர்கள், ஊர் அதேதான்.

வெப்பமண்டலத் தீவு, டி-ஷர்ட் போதும் என்றுதான் நானும் முதல் தடவை கிளம்பினேன். ஏறி இருபது நிமிடத்தில் பல் கிட்டிக்கொண்டது! தனியார் படகுகள் பெரும்பாலும் நாலு பக்கமும் மூடிய ஏசி படகுகள். சால்வை என் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பெட்டியோ சாமான் அறையில். படகு கிளம்பிவிட்டால் அதைத் தொட முடியாது.

ஆக, கேள்வி எதைக் கொண்டுபோவது என்பதல்ல, எதை மடியில் வைத்துக்கொள்வது என்பதுதான். பயணம் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகென்றால் இரண்டரை மணி வரை ஆகலாம். அந்த நேரத்துக்கு உங்களுக்கு மடியில் இருக்கும் பை, அதாவது மடிப்பைதான் வீடு.

[காட்சி: மேசையில் சின்னப் பை. பொருள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன.]

முதலில் அசல் அடையாள அட்டை, டிக்கெட் நகல். அப்புறம் சால்வை, தண்ணீர், தினமும் சாப்பிடும் மருந்துகள்.

அடுத்தது குமட்டல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். படகு ஆடுவதை உள்காது உணர்கிறது. கண்ணோ அசையாத இருக்கையையும் சுவரையும் பார்க்கிறது. இரண்டும் இரண்டு சேதி சொல்ல, மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது. மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை. காலையில் பூரி மசாலா வேண்டாம், இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் கூடாது. படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். இஞ்சி மிட்டாய், ஓட்டை இல்லாத இரண்டு கவர், இவை மடிப்பையின் மேலாக இருக்கட்டும். கவரைத் தேடும் நேரத்தில் கவர் கிடைக்காது என்பது என் அனுபவம், மேற்கொண்டு கேட்காதீர்கள்.

பவர் பேங்க்கும் இதே பையில்தான். விமானத்திலும் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் இழுத்த இணையக் கேபிள் 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் சிக்னல் போய்ப்போய் வரும். யுபிஐயை மட்டும் நம்பாமல் கையில் ரொக்கம் வையுங்கள்.

[காட்சி: எலிபேண்ட் பீச் போகும் சிறு படகு. தண்ணீர் தெறிக்கிறது.]

ஹேவ்லாக் போனபின் எலிபேண்ட் பீச்சுக்குச் சின்னப் படகு. அங்கே கதை வேறு, குளிர் போய் ஈரம் வரும். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் திணிக்காதீர்கள். மேல்பகுதி காலியாக இருந்தால்தான் மூன்று நான்கு சுருட்டு வரும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே போகாது. டர்க்கி டவல் வேண்டாம், நம்ம ஊர் ஈரிழைத் துண்டு சீக்கிரம் காயும், இடமும் அடைக்காது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரையேற வேண்டியிருக்கும். பவளக் கல் காலைக் கிழிக்கும். ஹவாய் செருப்பு அலையோடு போய்விடும், வார் வைத்த செருப்பு போடுங்கள்.

சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு உள்ளதைத் தேடுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளப் பாறைகளைப் பாதிக்கும் என்ற கவலையால், அவை கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021-இல் தடை செய்தது. முழுக்கை சட்டை போட்டுக் குளித்தால் பாதி டியூப் மிச்சம். கடற்கரையில் மணல் ஈ கடிக்கும், அரிப்பு நாள்கணக்கில் போகாது. அதற்கு ஒரு களிம்பு.

டார்ச்சும் வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வகுத்தது, அந்தமானோ இன்னும் கிழக்கே, ஏறத்தாழ 93 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் விழுந்துவிடும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்த்துத் திரும்பும்போது நல்ல இருட்டு.

[காட்சி: மேகம் கறுத்த கடல்.]

கடல் சீறினால் படகு ரத்தாகும். அதனால் மருந்து இரண்டு நாளைக்கு அதிகமாக இருக்கட்டும். ஊருக்கு விமானம் எந்த நாளோ, அதற்கு முந்தைய நாளே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். திரும்பும்போது பையில் பவளத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. கரையில் கிடந்ததைத்தான் எடுத்தேன் என்றாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.