நான் எம்மாத்திரம்?

அன்பு நேயர்களுக்கு வணக்கம். குறிப்பாக, பாடப்புத்தகத்தை முன்னால் திறந்து வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் கல்லூரி மாணவர்களுக்கு.

வகுப்பில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். உங்களுக்குப் பதில் தெரியும். கை பாதி எழும்புகிறது; அப்புறம் தலையைக் கோதுவது போல இறங்கிவிடுகிறது. பக்கத்து பெஞ்சிலிருந்து அதே பதில் வருகிறது, பாராட்டும் அங்கேயே போகிறது. மாணவர்களோடு ஜெபக்கூட்டங்களில் உட்காரும்போது இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். 'இங்கே இடம் கிடைக்க எனக்குத் தகுதியே இல்லையோ' என்கிற பயம் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் விடுவதில்லை.

வேதாகமத்தில் வரும் தீர்க்கதரிசி மோசேக்கும் இந்தப் பயம் இருந்தது. யாத்திராகமம் 3-ஆம் அதிகாரம்: எரிகிற முட்செடியிலிருந்து ஆண்டவர் கூப்பிட்டு, இஸ்ரவேல் மக்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்க, எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் போகச் சொல்கிறார். உடனே மோசே, "நான் எம்மாத்திரம்?" என்கிறார். நாமாக இருந்தால், "உனக்கென்ன குறைச்சல், அரண்மனையில் வளர்ந்தவனாயிற்றே" என்று தட்டிக்கொடுத்திருப்போம். ஆண்டவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். மோசேயின் திறமையைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை.

எனக்கு இது பெரிய ஆறுதல். நம்முடைய தன்னம்பிக்கை மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஒரு செமினார் நன்றாகப் போனால் கால் தரையில் படாது. அடுத்ததில் நாக்குக் குழறினால் வாரம் முழுக்க அதே நினைப்பு. ஆண்டவர் கூட இருப்பது தேர்வு முடிவைப் பார்த்து மாறுவதில்லை. தோற்றாலும் நான் அவருடைய பிள்ளைதான் என்று உறுதியாகத் தெரிந்தவர், தப்பாகப் போய்விடுமோ என்று நினைக்கிற பதிலையும் வாய்விட்டுச் சொல்லலாம்.

மோசே அதற்குப் பிறகும் தயங்கினார். தனக்குப் பேச்சு வராது என்றார். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்றே கேட்டுவிட்டார். ஆண்டவருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் கைவிடவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த அண்ணன் ஆரோனைத் துணைக்குத் தந்தார். ஜெபித்தால் போதும், யாரிடமும் உதவி கேட்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளைகளே, இந்த இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். புரியாத பாடத்தை நண்பரிடம் கேட்பதும், மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போவதும் விசுவாசக் குறைவாகாது.

வேதாகமத்தில் வரும் இன்னொரு தீர்க்கதரிசி எலியாவையும் சொல்ல வேண்டும். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்டார். தேவதூதன் வந்து எழுப்பினான். பிரசங்கம் பண்ணவா? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் தூங்கினார். இரண்டாம் முறையும் சாப்பிட வைத்த பிறகுதான் பயணம். தேர்வு நாட்களில் பட்டினி கிடந்து, கண்விழித்து, 'எனக்கு எதுவுமே வராது' என்று அழுகிறவர்களுக்கு நானும் இதைத்தான் முதலில் சொல்வேன். சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஜெபம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. 'ஆண்டவரே, பயமாக இருக்கிறது, கூடவே இரும்' என்று சொன்னாலும் அவர் கேட்பார்.

நன்றி, வணக்கம்.