தட்டிப் பார்த்தா தெரியும்: ஸ்பேசைட் விஸ்கி குடோன்ல என் வேலை

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஸ்காட்லாந்தோட ஸ்பேசைட் பகுதியில, எங்க விஸ்கி குடோனை ஒட்டி இருக்கிற சாம்பிள் ரூம்ல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். "குடோனுக்குள்ள போய் காட்டுங்க"ன்னு போன வீடியோவுல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அது முடியாதுங்க. பீப்பாய் அடுக்கி வச்சிருக்கிற இடத்துல காத்துலயே ஆல்கஹால் ஆவி இருக்கும். சின்ன தீப்பொறி போதும். அதனால போன், கேமரா எதுவும் உள்ள போகாது. கதவு பக்கத்துல ஒரு டப்பா இருக்கு, அதுல போனைப் போட்டுட்டுத்தான் நாங்களே உள்ள நுழைவோம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். யாரையும் குடிக்கச் சொல்லி இந்த வீடியோ இல்ல. நான் செய்யிற வேலை என்னன்னு சொல்றதுக்குத்தான்.

சரி, இந்த ரெண்டு சாம்பிள் பாட்டிலையும் பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கிறேன். இடது கையில இருக்கிறது காஞ்ச வைக்கோல் நிறம். வலது கையில இருக்கிறது நல்லெண்ணெய் நிறம். ரெண்டும் ஒரே டிஸ்டிலரி, அதாவது விஸ்கி காய்ச்சுற ஆலை, 2001 நவம்பர்ல ஒரே நாள்ல நிரப்பினது. ரெண்டு பீப்பாயும் ஹாக்ஸ்ஹெட், அதாவது சுமார் 250 லிட்டர் பிடிக்கிற சைஸ். 23 வருஷமா ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு கிடந்துச்சு. மோந்து பார்த்தா இடது பக்கம் ஆப்பிள் தோல், நனைஞ்ச கல்லு. வலது பக்கம் வெல்லப்பாகு காய்ச்சுற வாசனை, பின்னாடி லேசா கிராம்பு.

எப்படி இப்படி ஆகுதுன்னா, பதில் மரத்துல இருக்கு. அமெரிக்காவுல போர்பன் விஸ்கிக்கு புது ஓக் பீப்பாய்தான் பயன்படுத்தணும்னு சட்டம். உள்பக்கம் நெருப்புல கருக்கி எடுத்த பீப்பாய். ஒரு தடவை போர்பன் ஊத்தி எடுத்தாச்சுன்னா, போர்பனுக்கு அது மறுபடி ஆகாது. அதுல நிறைய ஸ்காட்லாந்துக்கு வருது. 200 லிட்டர் பீப்பாயா வரும். அதைப் பிரிச்சு, பலகையைக் கூட்டி, புது மூடி வச்சுக் கட்டுனாத்தான் ஹாக்ஸ்ஹெட். அப்போ ஒரு ஹாக்ஸ்ஹெட்டுக்குள்ள நாலஞ்சு பீப்பாயோட பலகை கலந்திருக்கும். எந்தக் காட்டு மரமோ, எவ்வளவு கருக்கினதோ, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை விஸ்கி ஊத்தினதோ. இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகவே போகாது.

பெரிய கம்பெனிங்க என்ன செய்வாங்கன்னா, நூத்துக்கணக்கான பீப்பாயை ஒண்ணாக் கலந்து, போன வருஷம் வாங்கின பாட்டிலும் இந்த வருஷம் வாங்குற பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்குவாங்க. அது பெரிய திறமை, நான் குறைச்சு சொல்லல. ஆனா இந்த ரெண்டு பாட்டிலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் அந்தக் கலவையில காணாமப் போயிடும். அந்த வித்தியாசத்தைக் காப்பாத்துறதுதான் எங்க தொழில். எங்களுக்கு இண்டிபெண்டன்ட் பாட்லர்னு பேரு. நாங்க விஸ்கி காய்ச்சுறதில்ல. டிஸ்டிலரிகிட்ட இருந்து பீப்பாயா வாங்கி, வளர்த்து, பக்குவம் வந்ததும் ஒத்தை பீப்பாயை மட்டும் பாட்டில்ல அடைக்கிறோம். லேபிள்ல காய்ச்சின தேதி, அடைச்ச தேதி, பீப்பாய் நம்பர், மொத்தம் எத்தனை பாட்டில்னு எல்லாம் இருக்கும். கேரமல் நிறம் சேர்க்கிறதில்ல. குளிரவச்சு வடிகட்டுறதும் இல்ல, அப்படி வடிச்சா எண்ணெய்ப்பசை போயிடும்.

டிஸ்டிலரி பேரை ஏன் சொல்ல மாட்டேங்குறீங்கன்னு கேட்பீங்க. வாங்கும்போதே பேரை லேபிள்ல போடக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கும். சில பெரிய டிஸ்டிலரிக்காரங்க இன்னொரு படி மேல போவாங்க. தன் விஸ்கியில பக்கத்து டிஸ்டிலரி விஸ்கியை ஒரு ஸ்பூன் அளவு கலந்து விப்பாங்க. அதுக்கப்புறம் சட்டப்படி அது சிங்கிள் மால்ட் இல்ல, அதாவது ஒரே டிஸ்டிலரியோட மால்ட் விஸ்கி இல்ல. பல டிஸ்டிலரி மால்ட் கலந்த பிளெண்டட் மால்ட். பால்வெனியில கொஞ்சம் கிளென்ஃபிடிச் சேர்ந்தா அதுக்கு பர்ன்சைட்னு பேரு. கிளென்ஃபிடிச்ல கொஞ்சம் பால்வெனி சேர்ந்தா வார்டுஹெட். டீஸ்பூன் மால்ட்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. அவங்க பேரை அவங்க காப்பாத்திக்கிறாங்க, அதுல எனக்கு வருத்தம் இல்ல.

இந்தத் தொழில் ஆரம்பிச்சது மளிகைக் கடையில. நான் இருக்கிற இடத்துல இருந்து கிட்டதான் எல்ஜின்ங்கிற ஊர். அங்க 1895-ல கார்டன் அண்ட் மெக்ஃபைல்னு ஒரு மளிகைக் கடை திறந்தாங்க. டீத்தூள், சாமான்களோட விஸ்கியும் வித்தாங்க. டிஸ்டிலரிக்கு தங்களோட பீப்பாயையே அனுப்பி நிரப்பி வாங்கி, வருஷக்கணக்குல வச்சிருந்து அடைச்சாங்க. 1940-ல அவங்க நிரப்பின ஒரு கிளென்லிவெட் பீப்பாயை 80 வருஷம் கழிச்சு பாட்டில்ல அடைச்சாங்க. போர்க்காலத்துல அதை நிரப்பினவர் இதைப் பார்க்க இருந்திருக்க மாட்டார். பேரப்பிள்ளைக்கு தென்னம்பிள்ளை வைக்கிற மனசு இருந்தாத்தான் இப்படி ஒண்ணு நடக்கும். அவங்களுக்கும் முன்னாடி, 1842-ல அபர்டீன்ல தொடங்கினது கேடன்ஹெட். இப்போ அது கேம்பல்டவுன்ல இருக்கு.

அந்த கார்டன் அண்ட் மெக்ஃபைல், 2024-ல இருந்து வெளி டிஸ்டிலரி சரக்கை நிரப்பப் போறதில்லைன்னு 2023-ல அறிவிச்சுட்டாங்க. இனிமே சொந்த டிஸ்டிலரி பென்ரோமக், கெய்ர்ன் ரெண்டும்தான். கையிருப்பு நிறைய இருக்கு, வருஷக்கணக்குல வந்துட்டே இருக்கும். ஆனா அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எங்க டீ டைம்ல யாரும் சரியாப் பேசல. அவங்களே நிறுத்துறாங்கன்னா, எங்களை மாதிரி சின்ன இடத்துக்கு நல்ல பீப்பாய் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இவங்க எல்லாம் இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? லின்லித்கோங்கிற ஊர்ல செயின்ட் மேக்டலின்னு ஒரு டிஸ்டிலரி. 1983-ல மூடிட்டாங்க, கட்டடம் இப்போ குடியிருப்பு. அங்க காய்ச்சினதுல நிறைய பிளெண்டுக்குள்ள, அதாவது பல டிஸ்டிலரி சரக்கைக் கலந்த விஸ்கிக்குள்ள போய்க் கரைஞ்சு போச்சு. மிச்சத்துல பல பீப்பாயை இண்டிபெண்டன்ட் ஆளுங்கதான் வாங்கி, அந்த ஊர் பேரோட அடைச்சாங்க. அந்த டிஸ்டிலரி எப்படி ருசிச்சுதுன்னு இன்னைக்கு யாராவது சொல்ல முடியுதுன்னா, அந்த பாட்டிலுங்களுக்கு அதுல பெரிய பங்கு உண்டு. இதை நினைச்சாலே எனக்கு இந்த வேலை மேல மரியாதை கூடுது.

இப்போ என் வேலைக்கு வரேன். நேத்து இந்த ரெண்டு பீப்பாய்க்கும் ரீகேஜ் பண்ணோம். உள்ள எவ்வளவு இருக்கு, எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குன்னு அளக்கிறது. பீப்பாயோட வயித்துல ஒரு மரத்தக்கை இருக்கும். அதைத் திறக்க தக்கையை அடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் இருக்கிற பலகையை சுத்தியலால மாத்தி மாத்தி அடிக்கணும். அதிர்வுல தக்கை தானா மேல எழும்பி வரும். முதல்ல எனக்கு இது பிடிபடவே ரெண்டு மாசம் ஆச்சு. அப்புறம் அளவுக் கம்பியை விட்டு ஆழம் பார்க்கணும். வேலின்ச்னு ஒரு நீளக் குழாய், உள்ள விட்டு மேல் வாயைக் கட்டை விரலால அடைச்சுத் தூக்கினா சாம்பிள் வந்துடும். அதை ஹைட்ரோமீட்டர்ல, அதாவது ஸ்ட்ராங் அளக்கிற மிதவைக் கருவியில பார்த்து, 20 டிகிரி வெப்பத்துக்குக் கணக்குப் போடணும்.

நல்லெண்ணெய் நிறத்துக்காரரை எடுத்துக்கோங்க. நிரப்பினப்போ 250 லிட்டர், 63.5 சதவீதம். சுத்த ஆல்கஹால் மட்டும் கணக்குப் பண்ணா 158.75 லிட்டர். நேத்து இருந்தது 186 லிட்டர், 53.6 சதவீதம். சுத்த ஆல்கஹால் 99.7 லிட்டர். மிச்சம் 59 லிட்டர் ஆவியாப் போயிடுச்சு. வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம், இங்க இதுதான் வழக்கம். தேவதைகளோட பங்குன்னு சொல்லுவாங்க. நம்ம பெங்களூர்ல அம்ருத் டிஸ்டிலரியில இது வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல. அங்க அஞ்சாறு வருஷத்துல நடக்கிறது இங்க இருபது வருஷத்துல நடக்கும்னு சொல்றவங்க உண்டு. அப்படி நேர் கணக்கா எனக்குப் படல. ரெண்டும் வேற வேற பக்குவம்.

இங்க காத்துல ஈரம் அதிகம், அதனால தண்ணியை விட ஆல்கஹால் வேகமா வெளிய போகும். வருஷம் போகப் போக ஸ்ட்ரெங்த் இறங்கிட்டே வரும். பாட்டில்ல 40 சதவீதத்துக்குக் குறைஞ்சா அதை ஸ்காட்ச்னு விக்க முடியாது. 3 வருஷத்துக்குக் குறைவா பீப்பாய்ல இருந்தாலும் ஸ்காட்ச் இல்ல. மூணு வருஷத்தைக் காத்திருந்து தாண்டிடலாம். அந்த 40-ஐ நெருங்கும்போதுதான் பயம். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா நல்லா வருமா, இல்ல மரத்தோட துவர்ப்பு ஏறி எல்லாத்தையும் மூடிடுமா? இதை எந்த மீட்டரும் சொல்லாது. 20 சதவீதத்துக்குத் தண்ணி கலந்து, மூக்கை வச்சு, நாலு பேர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு எடுக்கிறோம்.

ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு, அதையும் சொல்லிடுறேன். எங்க குடோன் பழைய மாதிரி. கல் சுவர், மண் தரை, பீப்பாய் மூணு அடுக்கு. ஒவ்வொரு வரிசையா நடந்து பீப்பாய் முகத்துல சுத்தியலால லேசாத் தட்டிட்டே போகணும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவோம்ல, அதே காதுதான். சரக்கு இருக்கிற உயரம் வரைக்கும் சத்தம் அடைச்ச மாதிரி இருக்கும், அதுக்கு மேல கணீர்னு கேட்கும். போன குளிர்காலத்துல ஒரு நாள் நேரமாயிடுச்சுன்னு கடைசி வரிசை அடி அடுக்கை நான் தட்டாம வந்துட்டேன். அடுத்த சுத்துலயும் அதே மாதிரி. வாசனை வந்துச்சு, ஆனா அந்த குடோன்ல எப்பவும் வாசனைதான். கீழ மண்ணு, ஒழுகினதெல்லாம் குடிச்சுட்டு ஈரம் கூடக் காட்டல.

அதுக்கப்புறம் வந்த ஒரு ரீகேஜ் அன்னைக்கு 1996-ல நிரப்பின ஒரு 200 லிட்டர் பீப்பாயைத் திறந்தோம். 31 லிட்டர். நூறுக்கு மேல இருக்க வேண்டியது. அடிப்பலகையில ஊசி முனை அளவு ஒரு புழு ஓட்டை. சின்ன மரஆணி ஒண்ணு அடிச்சிருந்தா நின்னுருக்கும். நல்லவேளை 43.8 சதவீதம் இருந்துச்சு, 40 பாட்டில் சொச்சம் தேறுச்சு. என்னை யாரும் திட்டல. எங்க மூத்த கூப்பர், அதாவது பீப்பாய் கட்டுற ஆசாரி, அந்த ஓட்டையைத் தன் விரலால தடவிப் பார்த்துட்டு எழுந்து போயிட்டார். அந்த விரல்தான் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. அதுக்கப்புறம் ஒரு பீப்பாயைக்கூட நான் தட்டாம விட்டதில்ல.

துபாய்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அக்கா, விஸ்கி பீப்பாய் வாங்கி முதலீடு பண்ணலாமா"ன்னு. தம்பி, அழகா ஃப்ரேம் போட்ட சான்றிதழ் கொடுத்தாங்கன்னு பணம் கட்டிடாதீங்க. அந்தச் சான்றிதழ் பீப்பாய் உங்களுதுன்னு காட்டாது. டெலிவரி ஆர்டர்னு ஒண்ணு இருக்கு. விக்கிறவர் கையெழுத்துப் போட்டு குடோன்காரருக்கு அனுப்பணும், குடோன்காரர் தன் கணக்குல உங்க பேருக்கு மாத்திட்டேன்னு எழுத்துல உறுதி சொல்லணும். பீப்பாய் நம்பர், எந்த குடோன், கடைசியா எப்போ ரீகேஜ் பண்ணாங்க, அன்னைக்கு எத்தனை லிட்டர், இதைக் கேளுங்க. சொல்லத் தயங்கினா அங்கேயே நிறுத்திக்கோங்க. ஒரே பீப்பாயை பல பேருக்கு வித்து ஏமாத்தின கதையெல்லாம் இங்க நடந்திருக்கு. பாடுபட்டு சேர்த்த காசு, பத்திரம்.

நேத்து நாலு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். நல்லெண்ணெய் நிறம் வர்ற வியாழக்கிழமை பாட்டிலுக்குப் போகுது, தண்ணி கலக்காம, 53.6-லயே. வழியில சிந்துறது போக 260 பாட்டில் வரும்னு நினைக்கிறேன். வைக்கோல் நிறத்துக்காரர் இருக்கட்டும். அதுல இன்னும் வராத ஏதோ ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது, ஆசாரிக்கும் அதே எண்ணம். தக்கையை மறுபடி அடிச்சு மூடி, இந்த வருஷத் தேதியை சாக்பீஸ்ல எழுதிட்டு வந்தேன். இனி அது பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கும். நாளைக்குக் காலையில அந்த வரிசையில இருந்துதான் தட்ட ஆரம்பிக்கணும். வரேன் மக்களே.